குடற்புண் எப்போது உயிரைப் பறிக்கிறது?

ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 19 முதல் 57 பேருக்குக் குடற்புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது. 4 முதல் 14 பேருக்குப் புண் ஆழமாகி ஓட்டையே விழுந்துவிடுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளிவந்த தொகுப்பு தரும் கணக்கு இது. எண்ணிக்கை சிறிதுதான், சாவு விகிதம் சிறிதல்ல. ரத்தம் கசிந்தவர்களில் நூற்றுக்கு 8, 9 பேரும், ஓட்டை விழுந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரும் முப்பது நாளுக்குள் இறந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் பெரும்பாலும் வசதியான நாடுகளின் நிலவரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திண்டுக்கல் மாவட்டத்தில் சுமார் 21.6 லட்சம் பேர். அதே விகிதத்தை இங்கே பொருத்தினால், ஆண்டுக்குக் குறைந்தது 80 பேருக்கு ஓட்டை விழும், 400 பேருக்கு ரத்தம் கசியும். இது வெறும் பெருக்கல் கணக்குதான். நோயாளிகளை எண்ணிச் சொன்னதல்ல.

தென்னிந்தியாவில் இந்த நோய் நெடுங்காலம் அதிகமாக இருந்தது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகி, குடற்புண்ணோடு வந்த ஏழைகளுக்கு ஓயாமல் அறுவை செய்தார். அப்போது யாருக்கும் தெரியாத காரணம் 1982இல் தெரிந்தது: ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. அதைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இரண்டு வார மாத்திரையில் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமி ஒழிந்துவிடும்.

இன்னொரு காரணம் வலி மாத்திரை. வாழைத்தாரும் காபி மூட்டையும் சுமந்து உடம்பு வலித்தால், கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வது கொடைக்கானல் மலையிலுள்ள வடகவுஞ்சிக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. ஆனால் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கவோ ஏறவோ வேண்டிய ஊரில் அதன் ஆபத்து கூடுதல். பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் புண் எளிதில் ஆறாது.

ஓட்டை விழுந்தால் வலி படிப்படியாக வராது. கத்தியால் குத்தியதுபோல் திடீரென வரும், வயிறு பலகைபோல் இறுகிவிடும். இரைப்பையின் அமிலமும் உணவும் வயிற்றறைக்குள் கொட்டிச் சீழ் பிடிக்கத் தொடங்கும். டென்மார்க்கில் நடந்து 2013இல் வெளியான ஆய்வின்படி, ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அறுவை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 2.4 சதவீதம் குறைந்தது. அங்கே ஆஸ்பத்திரிக்குள் நேர்ந்த தாமதத்துக்கே இந்தக் கணக்கு. பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுப் பாதை. அதன் இடையில் இருப்பவர் "வாயு பிடித்திருக்கிறது" என்று சோடா குடித்து விடியும்வரை காத்திருந்தால், இழக்கும் நேரத்தை எந்த மருத்துவராலும் மீட்டுத்தர முடியாது.

ரத்தக்கசிவு சத்தமில்லாமலும் வரும். மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, நாறும். வாந்தி காபித்தூள் நிறத்தில் இருக்கும். தலை சுற்றும், வியர்க்கும். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவோருக்கும் மலம் கறுக்கும், ஆனாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.)

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் கஷாயம், சோடா, சாப்பாடு எதுவும் கொடுக்காதீர்கள். வலி ஊசி போட்டுப் படுக்க வைக்காதீர்கள். இரவானாலும் 108ஐ அழையுங்கள். சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.