ஐடிலிங்கை ஏற்றினால் எது கெடும்?

டெல்லி சாணக்யபுரியில் தூதரகங்கள் வரிசைகட்டி நிற்கும் சாந்தி பாதையிலும், கௌடில்ய மார்க்கில் உள்ள தமிழ்நாடு இல்லத்தைச் சுற்றியும், வண்டி நிற்கும். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஜூன் மாதம் ஏசிக்காக, ஜனவரியில் ஹீட்டருக்காக. அப்படி நின்றபடி ஓடும்போது எஞ்சின் உதறினாலோ, ஏசி போட்டதும் அணைந்துபோனாலோ பட்டறையில் முதலில் சொல்லப்படும் வைத்தியம், ‘ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏத்திவிடு’ என்பதுதான். ஐடிலிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் உதறல் நின்றுவிடும். செலவில்லை, பலனும் உடனே தெரிகிறது. அந்தப் பலனை நம்பக் கூடாது. உதறலுக்கு ஒரு காரணம் இருந்தது. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது பெரும்பாலான கார்கள் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று ஓடும். 800 என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஏழு முறைகூட எரிவதில்லை. த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருப்பதால், உள்ளே போகும் சிறிதளவு காற்றும் பெட்ரோலும் எஞ்சின் தன் உராய்வை வென்று ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவதற்குச் சரியாக இருக்கும். மிச்சம் பிடிக்க எதுவும் இல்லாத அந்த நிலையில் சிறு குறைகூட வெளியே தெரிந்துவிடும். வெடித்த வேக்குவம் குழாய், கரி படிந்த த்ராட்டில் பாடி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், நைந்த எஞ்சின் மவுண்ட் எல்லாமே தங்களைக் காட்டிக்கொள்வது ஐடிலிங்கில்தான். வேகத்தை ஏற்றுவது, சுருதி சேராத தம்புராவை வைத்துக்கொண்டு உரக்கப் பாடிச் சமாளிப்பதைப் போன்றது. பழைய எஞ்சினில் பேரிங் தேய்ந்து, சூடானதும் ஆயில் விளக்கு மினுக்கும். ஐடிலிங்கை ஏற்றினால் விளக்கு அணையும், பேரிங் தேய்வது நிற்காது. ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுவதையும் இப்படி மறைத்துவிடலாம். ஆனால் அந்த எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூட்டு அமைப்பையே உருக்கக்கூடும்.

பழைய அம்பாசடரைப் போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் ஐடிலிங்கை ஏற்றுவதற்கு விசித்திரமான விளைவு ஒன்று உண்டு: சாவியை அணைத்து எடுத்த பிறகும் எஞ்சின் நிற்காது. சாவி வெட்டுவது ஸ்பார்க்கை மட்டும். ஃப்ளைவீல் இன்னும் சில சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் காற்றை இழுக்கும். காற்றோடு ஐடில் ஜெட்டிலிருந்து பெட்ரோலும் வரும். ஸ்க்ரூ சரியாக இருந்தால் அந்தக் கலவை போதாமல் எஞ்சின் அடங்கிவிடும். த்ராட்டில் ஒரு மயிரிழை கூடுதலாகத் திறந்திருந்தால் எரியப் போதுமான கலவை உள்ளே வந்துவிடும். எரிய வைக்க ஸ்பார்க்கே வேண்டாம், சிலிண்டருக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரித்துணுக்கோ பிளக்கின் சூடான முனையோ போதும். நேரம் காலம் இல்லாமல் எரிவதால் வண்டி முழுதும் குலுங்கும், இருமும், சில வேளை எஞ்சின் பின்னோக்கியும் உதைக்கும். மவுண்டும் டைமிங் செயினும் அந்த உதையை வாங்கிக்கொள்ளும். டெல்லியின் கோடை வெயிலில், கரி அப்பிய எஞ்சினில் இது நடப்பதில் வியப்பில்லை. கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துவது ஓட்டுநர்களின் பழைய உபாயம். பின்னாளில் பல கார்புரேட்டர்களில், சாவியை அணைத்ததும் ஐடில் ஜெட்டையே அடைக்கும் சொலினாய்ட் வந்தது.

ஆட்டோமேட்டிக் கார்களில் சேதம் சத்தமில்லாமல் நடக்கும். டிரைவில் போட்டு, பிரேக்கை மிதித்து நிற்கும் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் சக்கரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளுவிசை எஞ்சின் வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும். எண்ணெயில் பிறக்கும் சூடு மும்மடி விகிதத்தில். 750 சுற்றை 1,100 ஆக்கினால் தள்ளுவிசை இரண்டு மடங்குக்கு மேல், சூடு மூன்று மடங்குக்கு மேல். எண்ணெய் கருகுவதும் பிரேக் லைனிங் தேய்வதும் ஒரு பக்கம். பிரேக்கில் கால் சற்றே தளர்ந்தால் வண்டி முன்னால் பாய்வது இன்னொரு பக்கம். மேனுவல் வண்டியும் தப்புவதில்லை. ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ இல்லாத கியர்பாக்ஸில், ஐடிலிங் ஏறியிருந்தால், கிளட்சை மிதித்த பிறகும் ஷாஃப்ட் வேகம் இறங்கக் கூடுதல் நேரமெடுக்கும். அவசரப்பட்டால் பல்லோடு பல் உரசும்.

‘குளிரில் எஞ்சினே தன் ஐடிலிங்கை ஏற்றிக்கொள்கிறதே, நாம் ஏற்றினால் என்ன?’ என்று கேட்கலாம். அது எஞ்சின் சூடேறும்வரைதான். பிறகு தானே இறங்கிவிடும். ஏசி போட்டதும் கொஞ்சம் ஏறுவதும் கம்ப்ரசரின் பாரத்தை ஈடுகட்டுவதற்கே. ஸ்க்ரூவோ எப்போதும் ஒரே நிலையில் நிற்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளின் உயர் ஐடிலிங்கைச் சுட்டுவதும் நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அவை அந்த வேலைக்கென்றே கூடுதல் ஆல்டர்னேட்டர், பம்ப் ஆகியவற்றோடு அமைத்தவை. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கையில் ஏற்றுகிறார்கள். இஞ்செக்‌ஷன் கார்களில் ஸ்க்ரூவைத் தொடுவது இன்னும் மோசம்: த்ராட்டில் மூடியிருப்பதாகச் சென்சார் சொன்னால்தான் கணினி ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தும், சரிவில் இறங்கும்போது பெட்ரோலையும் நிறுத்தும். ஸ்க்ரூ அந்தச் சென்சாரை ஏமாற்றிவிடுகிறது.

2020 அக்டோபரில் டெல்லி அரசு, சிவப்பு விளக்கு எரிந்தால் எஞ்சினை அணையுங்கள் என்று இயக்கம் நடத்தியது. சிக்னலில் நிற்பது ஓரிரு நிமிடம். தூதரக வாசலில் காத்திருப்பதோ மணிக்கணக்கு. அணைத்து வைக்க வேண்டிய எஞ்சினை வேகம் கூட்டி ஓடவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உதறல் இருந்தால் முதலில் குழாய்களில் காற்று கசிகிறதா பாருங்கள், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள், பிளக்குகளையும் மவுண்டையும் சோதியுங்கள். அதன் பிறகும் வேகம் குறைவாகவே இருந்தால், கார்புரேட்டர் வண்டியில், எஞ்சின் சூடேறி ஏசி அணைந்திருக்கும்போது, டாகோமீட்டரைப் பார்த்தபடி கையேட்டில் போட்டிருக்கும் எண்வரை ஸ்க்ரூவைத் திருப்பலாம்.