நம்ம கணக்குக்கு வேறொருத்தர் பூட்டுப் போட்டால்?



திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் சாவி நம்ம கையில் இருந்தால்தானே பூட்டு நமக்குப் பாதுகாப்பு? திருடன் ஒருத்தன் நம்ம பீரோவில் அவன் பூட்டை மாட்டிவிட்டு, "பணம் கொடு, சாவி தர்றேன்" என்று மிரட்டினால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டருக்குள் இந்த வேலையைச் செய்யும் வைரஸ்தான் ரான்சம்வேர். நாம் பதிந்து வைத்த கணக்கு, கடிதம், போட்டோ எல்லாவற்றையும் திறக்க முடியாதபடி மாற்றிவிடும். பிறகு திரையில் பணம் கேட்டு அறிவிப்பு வரும்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு வர்றது, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களே இப்படிப் பூட்டப்பட்டன. கேட்ட பணம் 1,950 டாலர். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சர்வர்கள் முடங்கி, நோயாளிகளின் பதிவைப் பல நாள் கையால் எழுத வேண்டியதாயிற்று.

2024 ஜூலை கடைசியில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. சிறு வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியது. அது மற்ற வங்கிகளுக்குப் பரவாமல் இருக்க அந்த இணைப்பைத் துண்டித்தார்கள். நாடு முழுக்க சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளில் பணப் பரிமாற்றம் ஒரு நாள் தடைபட்டது. மறுநாள் சரியானது.

நம்ம கூட்டமைப்புக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? ஒவ்வொருவரின் சேமிப்பு, உள்கடன் நிலுவை, வங்கிக் கடன் தவணை. வங்கியில் உள்ள பணம் இந்த வைரஸால் நேரே போய்விடாது. ஆனால் யார் எவ்வளவு கட்டினார் என்ற பதிவு போய்விட்டால், "நான் கட்டிட்டேன்", "இல்லை, நீ கட்டலை" என்று குழுவுக்குள் சண்டை வரும். அடுத்த கடனுக்கு வங்கி கணக்குக் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது.

எப்படி உள்ளே வருகிறது?

* தெரியாத ஈ-மெயிலில் "பில்", "நோட்டீஸ்" என்று வரும் இணைப்பைத் திறப்பதால்.
* காசு கொடுக்காமல் இறக்கிய திருட்டு சாஃப்ட்வேர் வழியாக.
* கண்ட இடத்தில் சொருகிய பென் டிரைவ் வழியாக.
* புதுப்பிக்காத பழைய விண்டோஸ் வழியாக. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

விண்டோஸ் 10-க்கும் வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

வராமல் தடுக்க

முதல் வேலை, நகல் எடுப்பது. வாரம் ஒரு நாள் எல்லாக் கணக்கையும் தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்! விதைநெல்லை யாராவது சாப்பாட்டு அரிசியோடு கலந்து வைப்பார்களா? அப்படித்தான் இதுவும். மாதம் ஒருமுறை அந்த நகல் திறக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டதென்று ரொக்கப் புத்தகம், பேரேடு, உறுப்பினர் பாஸ் புத்தகம் எழுதுவதை நிறுத்தாதீர்கள். நோட்டில் இருப்பதை எந்த வைரஸும் பூட்ட முடியாது. அலுவலகக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் கேம் விளையாடவும் விடாதீர்கள்.

வந்துவிட்டால்?

1. உடனே இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் பரவாது.
2. திரையில் வந்த அறிவிப்பை செல்போனில் போட்டோ எடுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.
3. நகல் உள்ள ஹார்டு டிஸ்க்கை அந்தக் கம்ப்யூட்டரில் சொருகவே கூடாது.
4. பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்று உறுதி கிடையாது. திரும்பவும் கேட்பார்கள்.
5. 1930 எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வங்கி மேலாளரிடமும் சொல்லுங்கள்.
6. வேறு கம்ப்யூட்டரில் இருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.
7. விவரம் தெரிந்த மெக்கானிக்கை வைத்து, முழுவதும் சுத்தம் செய்து, புதிதாக விண்டோஸ் போட்ட பிறகே நகலில் இருந்து கணக்கை ஏற்றுங்கள். சில வகை வைரஸுக்கு இலவச சாவி உண்டு. ஐரோப்பிய போலீசும் மற்றவர்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" இணையதளத்தில் மெக்கானிக்கைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரைத் தொட்ட கணக்காளரைத் திட்டாதீர்கள். பயந்து மறைத்தால்தான் நஷ்டம் கூடும். உடனே சொன்னால் பாதி காப்பாற்றலாம்.

இந்த மாதக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது நகல் எடுத்தோம்? அது எங்கே இருக்கிறது? எடுப்பது யார் பொறுப்பு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்தது நம்ம பணம். அதன் கணக்கைக் காப்பதும் நம்ம வேலைதான்!