கரும்பலகைக்கு அந்தப் பக்கம் – 14: தலைமையாசிரியர் முதலில் சாப்பிடுவார்

என் குப்பைப் பை வீட்டுக்கே திரும்பி வந்த கதையைப் போன வாரம் படித்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். மற்றவர்களுக்கு: ஜப்பானில் ஒரு சிற்றூர், அரசுப் பள்ளி, ஆங்கிலத்துக்கு உதவி ஆசிரியன் நான். போதும்.

இந்த வாரம் வகுப்பறைக்குள் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். ஒரே பாடத்தை இரண்டு வாத்தியார்கள் சேர்ந்து நடத்தும் கூத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு கையெழுத்துக்காகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனபோது, அவர் தனியே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. பாவம், பெரியவருக்குப் பசி என்று நினைத்துப் பின்வாங்கினேன்.

பசியில்லையாம், கடமையாம். 'கென்ஷொகு' என்றார் பக்கத்து மேசை ஆசிரியை. பிள்ளைகள் வாயில் வைப்பதற்குக் குறைந்தது 30 நிமிடம் முன்பே பொறுப்பானவர் ஒருவர் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது தலைமையாசிரியர் தலையில்தான் விழும். வெந்திருக்கிறதா, வாடை ஏதும் வருகிறதா, வேண்டாத பொருள் கிடக்கிறதா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி முத்திரை குத்துகிறார். ராஜாவுக்கு முன் வேலைக்காரன் ருசி பார்த்த கதைகள் நமக்குத் தெரியும். இங்கே ராஜா ருசி பார்க்கிறார், ஆறு வயதுப் பொடியன் காத்திருக்கிறான்!

கிருமி அரை மணியில் தன்னைக் காட்டிக்கொள்ளாதே என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளிலும், சமைத்த ஒவ்வொரு பதார்த்தத்திலும் 50 கிராம் எடுத்து, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் இரண்டு வாரம் பத்திரப்படுத்துகிறார்கள். 1996-ல் ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரில் பள்ளிச் சாப்பாட்டின் வழியே ஓ-157 கிருமி பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். சில குழந்தைகள் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டே சுகாதார விதிகள் இறுகின.

இந்தச் சாப்பாட்டின் ஆரம்பம் 1889 என்கிறார்கள். யமகட்டாவின் ட்சுருவோகாவில், ஒரு கோயிலில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பிக்குகள் சோற்று உருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். இன்று சோறானாலும் கூடவே பால் வந்துவிடுகிறது. சோற்றுக்குப் பாலா என்ற என் திகைப்பு இன்னும் தீரவில்லை.

நான் தினம் ஒரு வகுப்பில் பிள்ளைகளோடு சாப்பிடுகிறேன். என் ஆங்கிலம் நிஜமாகச் செலவாவது அங்கேதான். வெள்ளை அங்கியும் தொப்பியுமாகப் பரிமாறிய ஒருத்தி, "சென்செய், இந்தியாவிலும் கரே உண்டா?" என்று கேட்டாள். நம் கறி ஆங்கிலேயன் வாயில் புகுந்து, கப்பலேறி இங்கே வந்து 'கரே' ஆன வரலாற்றை அவளுக்குப் புரியும் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் என் தட்டு ஆறிவிட்டது. 1982 ஜனவரி 22-ல் நாடு முழுக்கப் பள்ளிகளில் கரே போட்டார்களாம். அவள் அம்மாகூட அப்போது பிறந்திருக்க மாட்டாள்.

வகுப்பறை அடுத்த வாரம், நிச்சயமாக.

கையெழுத்து வாங்கும்போது தலைமையாசிரியரிடம், தினமும் முதல் ஆளாகச் சாப்பிடுவது கஷ்டமா என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "எனக்குப் பச்சைப் பட்டாணி பிடிக்காது. பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

மாதப் பட்டியலைப் பார்த்தேன். வருகிற வியாழக்கிழமை பட்டாணிச் சாதம். அன்றைக்கென்று ஒரு கையெழுத்தை மிச்சம் வைத்திருக்கிறேன்.