மேசைமேல் ஒரு மாரிக்குப்பம்

தங்கவயல் தோழர்கட்கு இது தெரிந்த கதை, ஏனையோர்க்காகச் சொல்கிறேன். பங்காருபேட்டையில் பிரியும் இருப்புப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் கடந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. 1894இல் திறந்த பாதை அது. அப்பால் வழியில்லை; இழுத்து வந்த எஞ்சின் முட்டுக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவே சிக்கும். ஆதலால் பக்கத்திலே ஒரு சுற்றுப்பாதை வேண்டும்: எஞ்சின் கழன்று, அதன்வழி ஓடி, மறுமுனையில் பூட்டிக்கொள்ளும்.

இதனை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் விடுதி மேசை கொள்ளாது. சுற்றுப்பாதையை விட்டு, ஷண்டிங்கை மட்டும் வைத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ஆலன் ரைட் இதற்கொரு வழி வகுத்தார். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று நிற்கலாம். எஞ்சின் முன்னும் பின்னும் போகும் முனையில் எஞ்சினோடு மூன்று வேகனுக்கே இடம். நீளம் நான்கடிக்குச் சற்று மிகும். வேகனோ எட்டே! பதினொரு இடமும் நிரம்பினால் எதையும் நகர்த்த இயலாது. காலியிடமே இங்கு கருவி. எட்டில் ஐந்தைச் சீட்டெடுத்து, வந்த வரிசையிலேயே நெடிய சைடிங்கில் கோக்கவேண்டும். வரிசைகள் 6,720!

எட்டு வேகன்களில் எதை ஏற்றுவது? தங்கத்தையன்று, அதற்கு வேகன் எதற்கு? 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வருமுன் எந்திரங்கள் தின்ற விறகும் கரியும், சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரமும் ஏற்றுங்கள். 2001இல் சுரங்கங்கள் மூடின. பின்னணிக்கு, அட்டையில் சாம்பல் வண்ணத்தில் சயனைட் மேடு போதும்.

மேசை சங்க அறையில் இருக்கிறது. பாயிண்ட் இரண்டும் என்னிடம் உள்ளன.