உங்களுக்குத் தெரியுமா? கட்டிலில் இருந்தபடியே ஜெயித்தவர்கள்!

எம்.இ. என்று ஒரு நோய். முழுப்பெயர் மயால்ஜிக் என்செஃபலோமயலைடிஸ். எங்கே, தடுமாறாமல் ஒருமுறை சொல்லுங்கள் பார்ப்போம்! அமெரிக்காவில் மட்டும் இது சுமார் 33 லட்சம் பேருக்கு!

தலைக்குக் குளித்தால் போதும், படுத்துவிடுவார்கள். அதுவும் உடனே இல்லை. ஒருநாள், இரண்டு நாள் விட்டு வந்து அடித்துப் போடும்! நேற்று நன்றாகத்தானே இருந்தாய் என்று வீட்டில் சந்தேகப்படுவது இதனால்தான். குறைந்தது நால்வரில் ஒருவர் ஏதாவதொரு கட்டத்தில் வீட்டோடு, சிலர் கட்டிலோடு! வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. இழுத்து மூடிய ஜன்னல், கண்ணில் கறுப்புத் துணி, காதில் அடைப்பான்!

1955, லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை. டாக்டர், நர்ஸ், ஊழியர் என்று 292 பேர் இந்த நோயில் வரிசையாகப் படுத்தார்கள். ஆஸ்பத்திரியையே இரண்டு மாதத்துக்கு மேல் மூட வேண்டியதாயிற்று! ஏற்கெனவே வார்டில் இருந்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு வந்தது தெரியுமா? வெறும் 12!

1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள் அந்த மருத்துவமனைச் சம்பவத்தின் பழைய ரிக்கார்டுகளைப் புரட்டினார்கள். 'கூட்டு ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று: பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகமாம்! அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு!

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1995 முதல் 1998 வரை இந்த நோய்க்கு எழுதிய கணக்கு 2 கோடியே 27 லட்சம் டாலர். நிஜமாகவே இதற்குச் செலவானது? 98 லட்சம்! 41 லட்சத்துக்குக் கணக்கே காட்ட முடியவில்லை! போட்டு உடைத்தது அதே மையத்தின் அதிகாரி!

அரசு கொடுக்காவிட்டால் என்ன? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின், பெரிய வைரஸ் நிபுணர். 'கன்டேஜியன்' சினிமாவுக்கே ஆலோசகர். 2015-ல் இந்த ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட கேமரா முன்னால் என்ன செய்தார் தெரியுமா? ஹபனேரோ மிளகாயைக் கடித்துத் தின்றார்! நம் குண்டூர் மிளகாயெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது!

ஜெனிஃபர் பிரேயா, நோயாளி. படுக்கையில் இருந்தபடியே இன்டர்நெட் வழியாகப் படம் இயக்கினார். பொதுமக்களிடம் கேட்டது 50,000 டாலர். வந்தது 2 லட்சத்துக்கு மேல்! அதுதான் 'அன்ரெஸ்ட்'. 2017-ல் சன்டான்ஸ் விழாவில் பரிசு!

ஊர்வலம் போக உடம்பில் தெம்பில்லை. அதனால் 2016-ல் நோயாளிகள் தங்கள் செருப்பையும் ஷூவையும் அனுப்பிவைத்தார்கள்! வாஷிங்டனில் அரசு அலுவலக வாசலில் ஜோடி ஜோடியாக வரிசை. கூடவே இதைப் போட்டுக்கொண்டு நடந்தவர் எதையெல்லாம் இழந்தார் என்று சீட்டுகள். வர முடியாதவர்களின் ஆர்ப்பாட்டம்!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது! இங்கிலாந்தின் 'பேஸ்' ஆய்வு. 641 நோயாளிகள். 50 லட்சம் பவுண்டு. உடற்பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் குணமாகலாம் என்றது. ஆய்வில் சேர உடல்திறன் மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். குணமானவர் என்பதற்கான அளவுகோலில் அதே மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? 60! அதாவது 65-ல் சேர்ந்து 60-க்கு இறங்கினாலும் அந்தப் பாடத்தில் பாஸ்!

ஓர் ஆஸ்திரேலிய நோயாளி தகவல் அறியும் உரிமையில் விவரம் கேட்டார். ஆய்வை நடத்திய பல்கலைக்கழகம் வக்கீல் வைத்து மல்லுக்கட்டியது. 2016-ல் தீர்ப்பாயம், கொடு என்று சொல்லிவிட்டது! ஆய்வாளர்களே முதலில் எழுதிவைத்த விதிப்படி மறுபடி கூட்டினார்கள். உடற்பயிற்சியால் குணமானவர்கள் 22 சதவிகிதம் என்றது 4 ஆகச் சுருங்கியது! 2021-ல் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பின் மருத்துவ வழிகாட்டி நெறியிலிருந்து அந்தச் சிகிச்சையே காலி!

இந்த நோய்க்கான உலகின் மிகப் பெரிய மரபணு ஆய்வும் அங்கேதான். பெயர் 'டீகோட் எம்.இ.'. திட்டம் தீட்டியவர்களில் நோயாளிகளும் உண்டு! வீட்டுக்குத் தபாலில் ஒரு குழாய் வந்தது. எச்சிலைத் துப்பி மூடித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 15,579 நோயாளிகளின் மரபணுக்களை அலசினார்கள். 2025 ஆகஸ்டில் முடிவு வந்தது. நோயில்லாதவர்களிடமிருந்து இவர்கள் வேறுபட்ட இடங்கள் மரபணுத் தொகுப்பில் ஒன்றல்ல, இரண்டல்ல. 8!