கொக்கிப்புழுவும் நம் உடலின் காவலர்களும்

வாணியம்பாடி, ஆம்பூர் பகுதி மக்களுக்கு ஜவ்வாது மலை பழக்கமானதுதான். அந்த மலைக் கிராமங்களில் கொக்கிப்புழுத் தொற்று பரவலாக இருப்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமண்ணில் பொரிந்து புழுக்களாகின்றன. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து அவை உள்ளே போகின்றன. இரத்தம் வழியாக நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகின்றன. அங்கே ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன. விளைவு, இரத்தசோகை.

நம் உடல் சும்மா இருப்பதில்லை. 'உதவி டி செல்கள்' என்பவை நோய் எதிர்ப்புப் படையின் தளபதிகள். தொற்று ஏற்பட்ட இடத்திலிருந்து கிருமியின் துணுக்குகளை வேறு சில செல்கள் அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கேதான் தளபதிகளுக்குப் பயிற்சி. எதிரி யார், எங்கே நுழைந்தான் என்பதைப் பொறுத்துப் பயிற்சி மாறும்.

நுரையீரலில் காசநோய்க் கிருமி புகுந்தால் முதல் வகைத் தளபதிகள் உருவாகி, கிருமியை விழுங்கிய செல்களுக்கு அதைக் கொல்லும் வலிமை தருகிறார்கள். குடல் புழுவோ விழுங்க முடியாத அளவுக்குப் பெரியது. அதனால் இரண்டாம் வகையினர் வந்து, சளிப்படலத்தைப் பெருக்கி, குடலின் அசைவைக் கூட்டிப் புழுவை வெளியே தள்ள முயல்கிறார்கள். குடல் பகுதியில் பயிற்சி பெறும் செல்களுக்கு, வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ஒரு பொருள் குடலின் 'முகவரியை'யும் கொடுத்துவிடுகிறது. இரத்தத்தில் எங்கு சுற்றினாலும் அவை குடலுக்கே திரும்பும்.

ஆனால் கொக்கிப்புழு தந்திரமானது. எதிர்ப்பை அடக்கும் செல்களைத் தூண்டிவிட்டு, ஆண்டுக்கணக்கில் குடலில் தங்கிவிடுகிறது. ஒருமுறை வந்துபோனாலும் மீண்டும் தொற்றும். மாத்திரை குடலில் உள்ள புழுவைத்தான் நீக்கும். மண்ணில் உள்ளதை அல்ல.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால், பெரியவர்களிடம் தங்கியுள்ள புழு மீண்டும் பரவும் அல்லவா? அதனால்தான் ஊரில் எல்லா வயதினருக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கும் 'டிவார்ம்3' ஆய்வு ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் நடத்தப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. மண்ணில் நடக்கும்போது செருப்பு, வீட்டுக்கு ஒரு கழிப்பறை, குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தவறாமல் மாத்திரை. பிள்ளை வெளிறிச் சோர்ந்திருந்தால் 'சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று விட்டுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம்.