நாகப் படத்துக்குள் ஒரு கொசுவலை
கல்லுக்கு என்ன நிறம்? சாம்பல் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் ஒரு பாறையை வரைந்து பாருங்கள், சாம்பலுக்குள் ஊதா எட்டிப் பார்க்கும், பழுப்பு கண்ணடிக்கும்!

செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். அங்கே மலைநாதர் கோயில் பாறையில் பாகுபலி, ஆதிநாதர், மகாவீரர், அம்பிகையோடு தீர்த்தங்கரர் பார்சுவநாதரும் சிற்பமாக இருக்கிறார். 9ஆம் நூற்றாண்டு வேலை என்பார்கள். பார்சுவநாதர் என்றால் தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்கும். இந்தச் சிற்பத்தைத் திரையில் வரையும்போது நம்மைப் படுத்துவதும் அந்த நாகம்தான்.

சாதாரண கிரேடியண்ட் நேர்கோட்டில் ஓடும், இல்லாவிட்டால் வட்டமாகப் பரவும். நாகப் படமோ நடுவே குழிந்து, ஓரத்தில் புடைத்து, நுனியில் மடங்குகிறது. அங்கேதான் மெஷ் ஃபில்! ஓட்டையில்லாத மூடிய வடிவமாக நாகப் படத்தை வரைந்து, ‘எம்’ விசையைத் தட்டினால் உள்ளே வலை விரிகிறது. மீன்வலை மாதிரி என்று எழுத வந்தேன். சமணர் ஊராயிற்றே, கொசுவலை என்றே வைத்துக்கொள்வோம், கொசுவுக்கும் சேதமில்லை.

வலைக்கோடுகள் சந்திக்கும் இடம் நோடு. ஒவ்வொரு நோடுக்கும் ஒரு நிறம். கைப்பிடியை இழுத்தால் நிறமும் கூடவே வளைந்து வருகிறது. இப்போது ரகசியம், காதைக் கொடுங்கள். ஓரம் சுள்ளென்று தெரிய வேண்டுமா? இரண்டு கோடுகளை ஒட்டினாற்போல் வையுங்கள். குழைவு வேண்டுமா? தள்ளி வையுங்கள். அவ்வளவுதான், கல் திரண்டு நிற்கும்! ஆசைப்பட்டு நோடுகளை அள்ளிக் கொட்டினால் திட்டுத்திட்டாகத் தேமல் விழும். படத்துக்கு அடியில் விழும் நிழலுக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம். பழுப்பில் கொஞ்சம் நீலம் போதும்.

இந்த வித்தைக்குப் பின்னால் கப்பலும் விமானமும் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா? நான்கு வளைகோடுகளுக்கு நடுவே வழுவழுவென்று ஒரு பரப்பை நிரப்பும் கணக்கை, அவற்றின் உடல்களை வடிவமைக்க 1960களில் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் கூன்ஸ் போட்டார். இன்றைக்கு பி.டி.எஃப். கோப்புக்குள்ளும் அவர் பெயரில் நிறவலை உண்டு. இல்லஸ்ட்ரேட்டருக்கு மெஷ் 1998இல் வந்தது. காசில்லாதவர்களுக்கு 2017இல் இன்க்ஸ்கேப் 0.92 கொடுத்தது, ஆனால் அதில் சேமித்த எஸ்.வி.ஜி. கோப்பை நேரே பிரவுசரில் திறந்து ஏமாறாதீர்கள், பிரவுசருக்குத் தானாக மெஷ் தெரியாது.

ஃப்ளெக்ஸுக்கு அனுப்புமுன் பிட்மேப் ஆக்கிவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை வயர்ஃபிரேமுக்கு மாற்றிப் பாருங்கள்: நிறமெல்லாம் போய், நாகம் வெறும் கோடாகப் படமெடுத்து நிற்கும். எனக்கு அதையே பிரிண்ட் போட்டு மாட்டத் தோன்றுகிறது!